எஞ்சின் நாடி – 17: ஆறும் இருபதும் ஒன்றுதான்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மேஜைமேல் நான்கு ஸ்பார்க் பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். என்ஜிகேயின் பிபிஆர்6இஎஸ், டென்சோவின் டபிள்யூ20இபிஆர்-யு, பாஷின் டபிள்யூஆர்7டிசி, சாம்பியனின் ஆர்என்9ஒய்சி. நான்குக்கும் ஒரே 14 மில்லிமீட்டர் மரை, ஒரே 19 மில்லிமீட்டர் நீளம். ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம், எஞ்சின் வழக்கம்போல ஓடும். ஆனால் நடுவில் இருக்கும் எண்கள் 6, 20, 7, 9. அந்த எண்தான் இந்த வாரத்து விஷயம். பட்டறையில் அதை ஹீட் ரேஞ்ச் என்பார்கள். நாம் வெப்ப எண் என்று வைத்துக்கொள்வோம்.

பிக்கப் கூடும் என்று நம்பி ஒரு நம்பர் கூட்டியோ குறைத்தோ பிளக் மாட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஹாட் பிளக் என்றால் பொறி பலமாக இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. பொறியின் பலம் காயிலிலிருந்து வருகிறது. வெப்ப எண்ணுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் முனை, தான் வாங்கும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பிளக்கைத் திருப்பி உள்ளே எட்டிப் பாருங்கள். நடு எலக்ட்ரோடைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு தெரியும். வெளி இரும்புக் கூட்டை அது தொடும் இடம் ஆழத்தில் இருந்தால் மூக்கு நீளம். சூடு நெடுந்தூரம் போய்த்தான் வெளியேற வேண்டும், ஆகவே முனை சூடாகவே நிற்கும். இது ஹாட் பிளக். மூக்கு குட்டை என்றால் சூடு சட்டென்று கூட்டுக்கும், மரை வழியாக ஹெட்டுக்கும், அங்கிருந்து கூலன்ட்டுக்கும் இறங்கிவிடும். இது கோல்டு பிளக்.

எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 50 முறை தீ மூள்கிறது. எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இதற்கு நடுவே பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேலேயும் 850-க்குக் கீழேயும் இருந்தாக வேண்டும். 450-க்குக் கீழே போனால் பீங்கான்மேல் படியும் கரி எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். காயில் அனுப்பும் உயர் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் கரி வழியே கூட்டுக்குக் கசிந்துவிடும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். 850-ஐத் தாண்டினால் ஆபத்து வேறு. பழுத்த முனையே தீக்குச்சியாகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தீ அதை எதிர்த்துத் தள்ளும். அந்தச் சூட்டில் முனை மேலும் பழுக்கும், அடுத்த தீ இன்னும் முன்னால் மூளும். காதில் சத்தம் விழுமுன்பே பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடக் கூடும். நாக்கிங் என்று நாம் சொல்வது பொறிக்குப் பிறகு வரும் கோளாறு. இது பொறிக்கு முன்னால் வருவது, நாக்கிங்கைவிடக் கொடியது.

ஒரு எண் மாறினால் முனையின் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். அண்ணா சாலை சிக்னலில் ஐடிலில் நிற்பதும், நெடுஞ்சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறுவதும் அந்த 400 டிகிரி இடைவெளிக்குள் அடங்க வேண்டும். நடு எலக்ட்ரோடின் உள்ளே செம்புக் கம்பி வைத்த பிறகுதான் இது எளிதாயிற்று. நீளமான மூக்கு சீக்கிரம் சூடேறும். செம்பு மிகுதியான சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போகும்.

இனி எண்களின் திசை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் கோல்டு. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட். மேலே சொன்ன பிளக்குக்கு ஒரு படி கோல்டு வேண்டுமென்றால் என்ஜிகேயில் 7, டென்சோவில் 22 என்று கேட்க வேண்டும்; பாஷிலும் சாம்பியனிலும் எண்ணில் கீழே இறங்க வேண்டும். நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைகோ பல பத்தாண்டுகள் இந்திய வண்டிகளுக்குப் பிளக் கொடுத்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் ஆயிற்று. பழைய மைகோ பிளக்கில் டபிள்யூ175, டபிள்யூ225 என்று மூன்று இலக்க எண்கள் இருக்கும். சோதனை எஞ்சினில் பிளக்கை மாட்டி ஓட்டினால், முனை பழுத்துத் தானே தீ மூட்ட எத்தனை விநாடி ஆகிறது என்பதிலிருந்து பிறந்த எண் அது. அதிக விநாடி தாங்கினால் கோல்டு பிளக். பிறகு வந்த ஒற்றை இலக்க முறையில் அதே நிறுவனம் திசையைத் திருப்பிவிட்டது: பழைய 175 இன்றைய 7, பழைய 225 இன்றைய 5. மைகோ காலத்தில் தொழில் கற்ற மூத்த மெக்கானிக் "நம்பர் பெருசுன்னா கோல்டு" என்று சொன்னால், அவர் கற்ற பிளக்குக்கு அது முழுக்கச் சரி. எனவே கடையில் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். பிராண்டையும் எழுத்துகள் அத்தனையையும் சொல்லுங்கள். பிராண்டு மாற்றுவதானால் அந்த நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து மாற்றுங்கள். இரிடியம் பிளக்குக்குப் போனாலும் இதே கணக்குதான். பிகேஆர்6இ-க்குப் பதில் பிகேஆர்6இஐஎக்ஸ் போடும்போது எலக்ட்ரோடின் உலோகம் மாறுகிறது, 6 அப்படியே நிற்கிறது.

நிறுவனம் கொடுத்தபடியே ஓடும் காருக்குக் கையேட்டில் உள்ள எண்ணே சரி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பிளக் கரி பிடித்தால் ஒரு படி ஹாட்டாகப் போடுவது என்ற வழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பதும் இதனால்தான். கரிக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். நம் பட்டறைகளில் அடிக்கடி காணும் காரணம் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகிறது என்று வண்டி வந்தால், ரேடியேட்டரையும் ஃபேனையும் பார்ப்பதற்கு முன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை சார்" என்று ஒரு விளக்கமும் கிடைக்கும். வால்வு இல்லாத எஞ்சினில் தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வந்து சேர வெகு நேரமாகும், பல சமயம் வந்து சேராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்வதை நம்பி கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். ஹெட்டும் குளிர்ச்சி, கலவையும் ரிச். கையேட்டுப்படி மாட்டிய பிளக் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? அங்கே மாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட்.

ஆயில் அடிக்கும் பழைய எஞ்சினுக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு ஆயில் சீல் போயிருக்கும். பிளக் நனைந்து கறுத்து வரும். ஹாட் பிளக் போட்டால் ஊருக்குள் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். ஒருநாள் குடும்பத்தோடு, ஏசி போட்டு, ஏற்காடு ஏறும்போது அதே பிளக் அளவுக்கு மீறிப் பழுக்கும். ரிங் வேலையை ஒத்திப்போட்டு மிச்சம் பிடித்தது, பிஸ்டன் செலவாக வந்து நிற்கும்.

எண்ணை உண்மையிலேயே மாற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு: எஞ்சினுக்குள் பிறக்கும் சூடே கூடும்போது. டர்போவின் பூஸ்டை ஏற்றினால், கம்ப்ரெஷன் கூட்டினால், ரீமேப் செய்து குதிரைத்திறனைக் கணிசமாக உயர்த்தினால் கோல்டு பக்கம் நகர வேண்டும். 75 முதல் 100 குதிரைத்திறன் கூடும்போது ஒரு படி என்பது என்ஜிகேயின் பொதுவான வழிகாட்டல். 1990களில் மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரின் 4ஜி63 டர்போ எஞ்சினுக்கு நிறுவனம் வைத்தது பிபிஆர்6இஎஸ். பூஸ்டை ஏற்றியவர்கள் பிபிஆர்7இஎஸ்-க்குப் போய், இடைவெளியையும் குறைத்துக்கொண்டார்கள். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றியவருக்கு இது தேவையே இல்லை. எல்பிஜி, சிஎன்ஜியில் பெட்ரோல்போல ஆவியாகிக் குளிர்விக்கும் திரவம் சிலிண்டருக்குள் வருவதில்லை. ஆகவே கிட் தயாரிப்பாளர் சொல்லும் பிளக் ஒரு படி கோல்டாக இருந்தால் அதையே மாட்டுங்கள்.

ஒரே எஞ்சினில் இரண்டு வெப்ப எண்களை நிறுவனமே வைத்த கதையும் உண்டு. எனக்கு மிகப் பிடித்த எஞ்சின் அது: ஹிரோஷிமாவின் மஸ்டா கட்டிய ரோட்டரி. 1990களின் ஆர்எக்ஸ்-7 காரில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்குகள். முதலில் பொறி விடும் லீடிங் பிளக் பியுஆர்7இக்யூ. அடுத்து விடும் டிரெய்லிங் பிளக் பியுஆர்9இக்யூ. இரண்டுக்கும் நடுவே இரண்டு படி வித்தியாசம். ரோட்டரிக்கு ஏன் இவ்வளவு கோல்டு பிளக்? பிஸ்டன் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தீ. நடுவே புதுக்கலவை உள்ளே வந்து பிளக்கைக் குளிர்வித்துவிட்டுப் போகும். ரோட்டரியிலோ ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் தீ. கலவை உள்ளே நுழைவது கூட்டின் வேறொரு பக்கத்தில். பிளக் இருக்கும் இடம் அந்தக் குளிர்ச்சியைக் காண்பதே இல்லை. பூஸ்டை ஏற்றிய சொந்தக்காரர்கள் நான்கு இடத்திலும் 9 மாட்டினார்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு. ரோட்டரி காரைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, பக்கத்து இடத்துக்கு நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். கோல்டு பிளக் அந்த ஈரத்தைக் காயவைக்க மிகவும் திணறும். ரேஸ் டிராக்கில் காப்பாற்றும் பிளக் வீட்டு வாசலில் படுத்தும்.

பிளக் சரியா என்று எப்படிப் பார்ப்பது? ஐடிலில் விட்டுக் கழற்றினால் எல்லாப் பிளக்கும் கறுத்துத்தான் இருக்கும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, ஐடிலில் விடாமல் ஆஃப் செய்து, எஞ்சின் ஆறியபின் கழற்றி சிலிண்டர் வரிசையிலேயே அடுக்குங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டிருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்தான் வெப்ப எண்ணைச் சந்தேகிக்கலாம். பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நலம். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது; ஈயமில்லாப் பெட்ரோலில், இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பீங்கான் ஏறக்குறைய வெள்ளையாக இருப்பதும் இயல்பே. பொரிப்பொரியாகக் கொப்புளித்து, எலக்ட்ரோடு உருகிய வெள்ளைதான் ஆபத்து. இன்னும் நம்பகமான அடையாளம் வெளியே வளைந்து நிற்கும் எலக்ட்ரோடில் இருக்கிறது. சூட்டால் நிறம் மாறிய எல்லை வளைவுக்குப் பக்கத்தில் நின்றால் எண் சரி. நுனியிலேயே நின்றுவிட்டால் பிளக் தேவைக்கு மேல் கோல்டு. மரைக்குப் பக்கம்வரை இறங்கியிருந்தால் ஹாட். அந்தக் காரை அப்படியே நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சரியான எண்ணை வாங்கி, லூசாக மாட்டினால் அத்தனையும் வீண். சூடு வெளியேறும் வழியே மரையும் வாஷரும்தான். அவை அழுத்தமாக உட்காரவில்லை என்றால் எந்தப் பிளக்கும் ஹாட் பிளக்தான். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரெஞ்ச் இல்லையென்றால் கையால் இறுதிவரை முறுக்கி, புது வாஷராக இருந்தால் அதன்பின் அரை முதல் முக்கால் சுற்றுக்குள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அதற்கு மிகச் சிறிது திருப்பினால் போதும். மரைக்கு கிரீஸ் தடவ வேண்டாம், வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். பழைய வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

(தொடரும்)