ஐந்து மணிக்கே இருட்டும் ஊர்

நவம்பர் கடைசியில் தெற்கு அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் பொழுது சாயும்போது மணி ஐந்துகூட ஆகியிருக்காது. சென்னையில் அன்றைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் பாக்கி இருக்கும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. தெற்கு அந்தமானோ 92.7 பாகையில் கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் சூரியன் முந்தும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி, ‘பாகான் டைம்’ என்று தங்களுக்கென ஒன்றை வைத்துக்கொண்டார்கள். தீவில் அந்தச் சாமர்த்தியம் நடக்கவில்லை.

தோட்ட விளக்குக்கு டைமர் மாட்டுகிறவர்கள் இடறுவது இங்கேதான். ஆறு மணிக்கு வைத்தால் நவம்பரில் ஒரு மணி நேரம் வாசல் இருட்டு. ஐந்துக்கு வைத்தால் ஜூலையில் பட்டப்பகலில் எரியும். அப்போது சூரியன் மறைய ஐந்து ஐம்பது ஆகும்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது சுழலும் வட்டு டைமர். வட்டின் விளிம்பில் 96 பற்கள், பல்லுக்குக் கால் மணி நேரம். பேட்டரி இல்லாத வகையென்றால், கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் டைமரும் இரண்டு மணி நேரம் பின்தங்கும். சரிசெய்யாமல் விட்டால் எட்டு மணிக்கு எரிய வேண்டியது பத்துக்கு எரியும். பேட்டரியுள்ள ஆஸ்ட்ரோ டைமரில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்துவிட்டால், அந்தந்த நாளின் அஸ்தமன நேரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். விலை கூடுதல்தான். இந்த ஊருக்கு அதுதான் சரி.

12 வோல்ட் தோட்ட விளக்கானால், டைமரை அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் பக்கம் கொடுத்தால் விளக்கு அணைந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பகலெல்லாம் கரண்ட் குடித்துச் சூடாகிக்கொண்டிருக்கும். இன்னொன்று: டைமர்மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பது சாதாரண ஹீட்டர் மாதிரிச் சுமைக்கு. காயில் சுற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது. நடுவில் ஒரு காண்டாக்டர் போடச் சொல்லுங்கள். கடல்காற்றுக்குத் தண்ணீர் புகாத பெட்டியும் வேண்டும்.

விளக்குக்கு வரும் கரண்டையும் நினைத்துப் பாருங்கள்: 2003-இல் இயங்கத் தொடங்கிய 20 மெகாவாட் டீசல் மின்நிலையம் இதே பாம்பூஃப்ளாட்டில்தான் எழுந்தது. நெய்வேலி என்.எல்.சி. தெற்கு அந்தமானில் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது. ராத்திரி விளக்குக்கு அது பெரிதாக உதவாது. இருட்டியபின் எரிவது பெரும்பாலும் கப்பலில் வந்த டீசல். ஆகவே, எரியும் நேரத்தை ஆஸ்ட்ரோ டைமரிடம் விடுங்கள். அணையும் நேரத்தை மட்டும் நீங்களே பத்து மணி என்று வைத்துவிடுங்கள்.