வனிலா வாசத்துக்கு விலை போடுவது எது?

பிரபல நிறுவனங்களின் வனிலா வாசனைத் திரவியம் ஒன்றை வாங்குவதென்றால், பலருக்கு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதி போய்விடும். அதே வாசத்தைக் குறைந்த விலையில் தருவதாகச் சொல்லும் போத்தல்களும் சந்தையில் நிறைந்துள்ளன. அவற்றை நம்பி வாங்கலாமா?

இயற்கை வனிலா விலை உயர்ந்ததுதான். மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இந்த ஓர்க்கிட் கொடியின் பூக்களுக்கு, பிற நாடுகளில் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். அதற்கான எளிய முறையை 1841 இல் ரீயூனியன் தீவில் கண்டறிந்தவர், அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ். காய்களைப் பதப்படுத்தவும் பல மாதங்கள் செல்லும். அதிகம் விளையும் மடகஸ்காரை 2017 இல் சூறாவளி தாக்கிய பின்னர், ஒரு கிலோகிராம் வனிலா சுமார் 600 அமெரிக்க டொலர் வரை விற்கப்பட்டது.

ஆனால் வாசனைத் திரவியங்களில் நாம் நுகரும் வனிலாவில் பெரும்பகுதி காயிலிருந்து வருவதில்லை. அந்த வாசத்துக்கு முக்கிய காரணமான வனிலின் என்ற சேர்மத்தை, 1874 இல் ஜெர்மன் வேதியியலாளர்களான டீமனும் ஹார்மனும் செயற்கையாகத் தயாரித்தனர். பிரான்ஸின் கெர்லன் நிறுவனம் 1889 இல் வெளியிட்ட 'ஜிக்கி'யில் அது சேர்க்கப்பட்டது. 1925 இல் வந்த 'ஷாலிமா'ரில் அதைவிட வீரியமான எத்தில் வனிலின் இடம்பெற்றது. இவ்வாறு ஆடம்பர வனிலாவும் நூறாண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடத்தை நம்பியே இருக்கிறது.

அப்படியானால் மிகுதிப் பணம் எதற்கு? விளம்பரம், போத்தல், பெயர், கடையின் இலாபம் ஆகியவற்றுக்குக் கணிசமான பங்கு போகிறது. வாசனைக் கலைஞரின் உழைப்பும் வனிலாவுடன் சேரும் பிற மூலப்பொருட்களும் அந்த விலையில் அடக்கம். மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் பின்தங்குவது இங்கேதான். இனிப்பு ஒத்திருக்கும், ஆனால் நேரம் செல்லச் செல்ல வாசம் மாறி விரியும் விதம் ஒத்திருக்காது. ஆனாலும் ஐக்கிய அரபு இராச்சியத்தின் லத்தாஃபா நிறுவனத்தின் 'கம்ரா' போன்றவை, பன்மடங்கு விலையுள்ள திரவியங்களுடன் ஒப்பிட்டுப் பேசப்படுகின்றன.

ஒத்த வாசம் வேறு, போலி வேறு. வாசனைத் திரவியத்தின் வாசத்துக்குப் பதிப்புரிமை இல்லை எனப் பிரான்ஸின் உயர் நீதிமன்றம் 2006 இல் தீர்ப்பளித்தது. ஆனால் பிறருடைய பெயரையும் பெட்டியையும் நகலெடுப்பது குற்றம். அப்படிப்பட்ட போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. தயாரிப்பாளரின் சொந்தப் பெயர், முகவரி, உட்பொருள் பட்டியல், தொகுதி இலக்கம் ஆகியவை தெளிவாக உள்ளவற்றையே வாங்குங்கள்.

வனிலா வாசம் மெதுவாகவே வெளிப்படும். எனவே முன்கையில் சிறிது தெளித்து, ஒரு மணி நேரமாவது கழித்து முகர்ந்து பாருங்கள். தோல் சிவந்தாலோ அரித்தாலோ வாங்க வேண்டாம். திரவம் நாளடைவில் பழுப்பாவது வனிலினின் இயல்பு. அதை வைத்து மட்டும் பழுதாகிவிட்டதென்று எறிய வேண்டியதில்லை.