ரப்பர் பால் ஏன் உறைகிறது?

ஜொகூரில் குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும்: மங்கில் வெள்ளையாகச் சொட்டும் பாலை அப்படியே விட்டுவைத்தால் கட்டிவிடும். ஏன்?

ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதுவும் கரைந்திருக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையில் எதிர் மின்னேற்றம். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அதனால்தான் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை.

அமிலம் சேர்ந்தால் கதை மாறும். அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் நேர் மின்னேற்றம் கொண்டவை. பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இறங்கும்போது உறையின் மின்னேற்றம் ஏறக்குறைய அற்றுப்போகிறது. தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதி, ஒட்டி, கட்டியாகின்றன. இதற்காகத் தொழிற்சாலையில் நீர்த்த பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். (முசுறு எறும்பு பீய்ச்சுவதும் இதே அமிலம்தான்!) மங்கில் யாரும் ஊற்றுவதில்லை, பாக்டீரியாக்களே பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. கட்டிப்பாலின் அந்தப் பொல்லாத நாற்றமும் அவற்றின் கைவண்ணமே.

கையுறை செய்யப் பால் திரவமாகவே போக வேண்டும். அதற்கு அம்மோனியா கலப்பார்கள். அது காரம், பாக்டீரியாவையும் அடக்கும், எதிர் மின்னேற்றத்தையும் காக்கும்.

வீட்டில் பார்க்க ஆசையா? பசும்பாலில் எலுமிச்சை பிழியுங்கள். அங்கே திரிவது புரதம், காரணம் இதேதான். பார்மிக் அமிலத்தை மட்டும் தொடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.