வேங்கடவன் எந்த மாநிலம்?

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில், நாயுடுபேட்டையில் இடதுபக்கம் திரும்பினால் காளஹஸ்தி; அதற்கப்பால் திருப்பதி. காளஹஸ்தியைத் தேவார மூவரும் பாடியிருக்கிறார்கள். வேங்கடவனை ஆழ்வார்கள் தமிழில் பாடினார்கள், அன்னமாச்சார்யர் தெலுங்கில். தெய்வம் இரு தரப்புக்கும் பொது. 1950களில் எல்லை பிரிக்க வந்தவர்களுக்கு அதனால் துளியும் பயனில்லை.

நெல்லூரில் ஹரிஜனங்களின் கோயில் நுழைவுக்காக உண்ணாவிரதம் இருந்தவர் பொட்டி ஸ்ரீராமுலு. ஆனால் 1952 டிசம்பர் 15-ல் சென்னையில், 58 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் அவர் உயிர்விட்டது தெலுங்கு மாநிலத்துக்காக. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்தபோது சித்தூர் மாவட்டமும் அதோடு போயிற்று. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்ற பழைய இலக்கிய வழக்கைப் போராட்ட முழக்கமாக்கியது ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம்.

மத்தியஸ்தராக வந்த எச்.வி. படாஸ்கர் கோயில்களைப் பார்க்கவில்லை. கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டு, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதியும் காளஹஸ்தியும் ஆந்திராவிலேயே தங்கின. தமிழ் பக்தர்கள் திருமலை ஏறுவது நிற்கவில்லை.

மதத்தை அடிப்படையாக வைத்துப் பிறந்த பாகிஸ்தானோ 24 ஆண்டுகளில் உடைந்தது. அந்த விரிசலின் தொடக்கம் வங்கமொழிப் பிரச்னை. இலங்கை இன்னும் மோசம். 1956-ல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1972 அரசியல் சாசனத்தில் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்தது. மொழி, மதம் இரண்டாலும் தமிழன் அங்கே வெளியாள் ஆனான்.

ஆந்திராவில் எல்லைக்கோட்டுக்குத் தேவைப்படாத மதம், அரசு நிர்வாகத்தில் உட்கார்ந்துகொண்டது. 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் விட்டுச்சென்ற திருமலை, 1933-ல் சட்டப்படி தேவஸ்தான நிர்வாகத்துக்கு வந்தது. இன்று அறங்காவலர் குழுவை நியமிப்பது மாநில அரசு. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்ததும் அரசின் 1987 சட்டம்தான். 1996-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மதச்சார்பற்ற அரசு அர்ச்சகர் நியமனம்வரை கைவைப்பது விசித்திரம்தான், ஆனால் பரம்பரை உரிமை இல்லாதவர்களுக்கும் அதனால் சட்டப்படி கதவு திறந்தது.

கதவு மூடவும் அதே கை போதும். 2024 நவம்பரில், இந்து அல்லாத ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்பவோ வேறு அரசுத் துறைகளுக்கு மாற்றவோ தேவஸ்தானக் குழு தீர்மானித்தது. 2025 பிப்ரவரியில் 18 பேர் மீது நடவடிக்கை பாய்ந்தது. மத நிறுவனப் பதவிகளை அந்த மதத்தவருக்கே ஒதுக்கச் சட்டமியற்ற அரசியல் சாசனத்தின் 16(5) பிரிவு இடம் தருகிறது. கருவறையைப் பொறுத்தவரை யாரும் தகராறு செய்யப்போவதில்லை. தேவஸ்தானமோ கல்லூரிகளும் மருத்துவமனைகளும்கூட நடத்துகிறது. அங்கே ஊசி போடும் நர்ஸும் பாடம் நடத்தும் ஆசிரியரும் என்ன மதம் என்று கேட்பது கோயிலா, அரசா?