ஊசித் துவாரத்தில் ஓடும் ஸ்கூட்டர்

பழைய சேதக், எல்எம்எல் வெஸ்பாக்களின் உயிர் ஒரு பித்தளைத் துண்டில் இருக்கிறது. புது பெட்ரோல் வந்த பிறகு அதைத் தேடி அலைகிறார்கள் உரிமையாளர்கள்

கைவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு. நடுவில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை. தில்லி கரோல் பாக்கின் நாய்வாலான் சந்துகளில், கல்கத்தாவின் மல்லிக் பஜாரில், சென்னை புதுப்பேட்டையில் இன்றும் ஒரு சிலர் இதைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கார்புரேட்டர் ஜெட் என்று பெயர். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஓட்டைதான்.

ஒரு காலத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஸ்கூட்டர் கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்கள் அவை. வண்டி கிளம்பாவிட்டால் ஒருபக்கம் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தார்கள். அப்போதும் மசியாவிட்டால் மெக்கானிக். "கச்ரா ஆகயா" (குப்பை அடைத்துவிட்டது) என்பது வட இந்திய மெக்கானிக்குகளின் நிரந்தரத் தீர்ப்பு. ஜெட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மாட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தொழிற்சாலைகள் இப்போது இல்லை. லக்னோவின் அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, விஜய் சூப்பர் வகையறாக்களை 1997இல் கைவிட்டது. ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக பஜாஜ் 2009 டிசம்பரில் அறிவித்தது. (2020இல் சேதக் என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் அது மின்சார வண்டி. அதில் கார்புரேட்டருக்கு வேலை இல்லை.) கான்பூரின் எல்எம்எல் 2018இல் கலைப்புக்குப் போனது. 2020 ஏப்ரலில் பாரத் 6 விதிகள் அமலானதும் புதிய ஸ்கூட்டர்களில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜெக்‌ஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெட்டை நம்பி ஓடுவது பழைய வண்டிகள் மட்டுமே.

அதில் தவறில்லை, பழையது கழிவது இயற்கை என்று விட்டுவிடலாம். சிக்கல் பெட்ரோலில் வந்தது. 2022இல் நாடு முழுவதும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2025இல் 20 சதவீதம். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த புதிய எரிபொருளுக்குச் சுமார் பதின்மூன்றரை. அதாவது அதே அளவு காற்றுக்கு முன்னைவிட அதிக எரிபொருள் ஊற்றவேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் அது உணர்ந்து, கூட்டி ஊற்றிக்கொள்கிறது. 1985ஆம் ஆண்டு சேதக்கின் ஓட்டைக்கு எதுவும் தெரியாது. அது பழைய கணக்கையே போடுகிறது. கலவையில் எரிபொருள் குறைகிறது. மெக்கானிக் பாஷையில் 'லீன்'.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் லீன் என்றால் பிக்கப் குறையும், ஐட்லிங் தடுமாறும். இரண்டு ஸ்ட்ரோக்கில் விஷயம் வேறு. அங்கே பிஸ்டனுக்கு எண்ணெயைக் கொண்டு சேர்ப்பதே பெட்ரோல்தான். லீன் கலவையில் வெப்பம் ஏறி, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பயந்துபோய் கூடுதல் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் ஒரு வினோதம்: அதே ஓட்டை வழியே எண்ணெய் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். கலவை இன்னும் லீன் ஆகிறது.

ஆகவே ஜெட்டை மாற்றுவதே வழி. வெஸ்பா குடும்பத்து வண்டிகளில் இது எளிது. வலப்பக்க மூடியைக் கழற்றி, ஏர்ஃபில்டரை எடுத்தால் கார்புரேட்டர் தலையைக் காட்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். வெளியே வருவது மூன்று துண்டுகள் சேர்ந்த ஒரு குச்சி: மேலே காற்றை அளக்கும் துண்டு (பெரும்பாலும் 160), நடுவே பக்கவாட்டில் துளைகள் உள்ள குழாய் (பிஇ3 என்று பொறித்திருக்கும்), அடியில் மெயின் ஜெட். திருகு கிடையாது; ஒன்றுக்குள் ஒன்று அழுத்திச் செருகியது. 100 என்று எழுதியிருந்தால் ஓட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர். 105 போட்டால் விட்டம் ஐந்து சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஓட்டையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். புதிய பெட்ரோலுக்கு 102 முதல் 105க்குள் விடை கிடைத்துவிட வேண்டும்.

இந்த எண்களை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெல்லோர்ட்டோ என்ற இத்தாலிய கம்பெனியும் அதன் வழிவந்த இந்தியத் தயாரிப்புகளும் விட்டத்தைக் குறிப்பவை. ஜப்பானின் மிக்குனி, தன் அறுகோணத் தலை ஜெட்டுகளில் பொறிப்பது ஒரு நிமிடத்தில் பாயும் எரிபொருளின் அளவை. ஒன்றின் 100 மற்றொன்றின் 100 அல்ல. போதாக்குறைக்கு டூப்ளிகேட்டுகள். உள்ளே பிசிறு, எண் ஒன்று, ஓட்டை வேறு. இதைவிட மோசமானவை நல்ல ஜெட்டாக இருந்து கெட்டவை: அடைப்பெடுக்க யாரோ ஒரு மெக்கானிக் கம்பியை விட்டுக் குடைந்து பெரிதாக்கியவை. பித்தளை மென்மையானது, இரும்புக் கம்பிக்குத் தாங்காது. காற்றடித்துத்தான் சுத்தம் செய்யவேண்டும்.

நல்ல கைகள் உள்ள மெக்கானிக்குகள் வேறொன்று செய்வதுண்டு. ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, மெல்லிய டிரில்லால் கையாலேயே புதிதாகத் துளைப்பது. நாளது தேதிவரை ஓடும் பல வண்டிகள் இந்தக் கைவேலையில்தான் ஓடுகின்றன. பாராட்டத்தக்க திறமைதான்; ஆனால் அளவுக் கருவி இல்லாமல் செய்தால் வெறும் சூதாட்டம்.

சரியான ஜெட் எது என்பதைச் சொல்வது ஸ்பார்க் ப்ளக். புது ப்ளக்கை மாட்டி, ஆளில்லாத நேரான சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, அதே கணத்தில் எஞ்சினை அணைத்து கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டவேண்டும். ப்ளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானின் நிறம் கதை சொல்லும். காபிக் கொட்டை நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் லீன். கரியும் ஈரமுமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தபின் இந்த நிறங்கள் மங்கலாகத்தான் படிகின்றன. பீங்கானின் அடிப்பகுதியில் விழும் வளையத்தை டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்குவதே புத்திசாலித்தனம். பெரிய ஜெட் போட்டால் புகையும் செலவும்தான்; சிறிய ஜெட் பிஸ்டனைத் தின்றுவிடும்.

இதுவும் நிரந்தரக் கணக்கல்ல. தில்லியில் ஜனவரிக் குளிரில் காற்று கனக்கும். ஜூன் வெயிலில் லேசாகும். பழைய ஸ்கூட்டரில் லே வரை போய்வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். 3,500 மீட்டர் உயரத்தில் காற்று, சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளி ஜெட்டோடு போனால் வண்டி கறுப்புப் புகை கக்கி மூச்சுத் திணறும். சிறிய ஜெட் மாட்டினால் ஏறும். ஆபத்து திரும்பும்போதுதான். மணாலிக்குக் கீழே இறங்கிய உற்சாகத்தில் பழைய ஜெட்டை மீண்டும் மாட்ட மறந்தால், பிஸ்டன் சமவெளிக்கு வந்து கவ்விக்கொள்ளும்.

எத்தனால் இன்னொரு வேலையும் செய்கிறது: ஈரத்தை இழுக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டரின் உலோகம் வெள்ளையாகப் பூத்துப் பொடி உதிரும். அந்தப் பொடி நேராக வந்து நிற்கும் இடம் ஜெட்டின் வாய். வண்டியை நிறுத்திவைப்பவர்கள் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுவது நல்லது.

கடைகளில் ஒரிஜினல் ஜெட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. பெரும்பாலும் கண்ணாடி அலமாரியில் அல்ல, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில், எல்லா எண்களும் கலந்து. கொட்டித் தேடச் சொன்னால் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டீ வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. பழைய ஜெட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. எண்ணைச் சொல்வதைவிட, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை ஒப்பிட்டு வாங்கலாம். கரோல் பாக்குக்குத் திங்கட்கிழமை மட்டும் போகவேண்டாம். அன்று வார விடுமுறை.