கோதுமை ஆகாத குடலுக்கு மருந்து வருமா?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர் அதை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். சத்துகள் உடலில் சேராமல் வயிற்றுப்போக்கு, சோர்வு, இரத்தசோகை வரலாம்.

மலேசியாவில் ஆரோக்கியமாக இருந்த 562 இளையோரிடம் நடத்தி, 2015இல் வெளியான ஆய்வில், ஏழு பேரின் இரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் தென்பட்டது.

கோதுமையே காரணம் என்பதை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். குளூட்டனை அறவே விலக்குவதுதான் இன்றும் சிகிச்சை. பாரிட் புந்தார் வயல்களில் விளையும் அரிசியில் அது இல்லை. சோறும் இட்லியும் தோசையும் கைகொடுக்கும். ரொட்டி சானாயும் மஞ்சள் மீயும் ஆகா. ஆனால், கிச்சாப், மால்ட் பானம், கூட்டுப் பெருங்காயம் ஆகியவற்றிலும் குளூட்டன் ஒளிந்திருக்கலாம். மருந்து தேவைப்படுவது இதனால்தான்.

குடற்சுவரின் இடைவெளிகளை இறுக்க முயன்ற லாரசோடைடு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2022இல் நிறுத்தப்பட்டது. குளூட்டனை மாற்றி எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நொதியைத் தடுக்கும் செட்1227, குடல் சேதத்தைக் குறைத்ததாக 2021இல் முடிவு வெளியானது. இது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.

மாணவர்களே, ஐயம் இருந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.