மடக்கை: கணிப்பும் சமூக உழைப்பும்

1

மடக்கை எமது வகுப்பறைகளில் பெரும்பாலும் விதிகளின் தொகுப்பாகவே பயிலப்படுகிறது. பெருக்கலுக்குக் கூட்டல், வகுத்தலுக்குக் கழித்தல், பின்னர் அட்டவணை, இறுதியில் விடை. இவ்விதிகள் எத்தேவையிலிருந்து தோன்றின, எந்நிலைமைகளில் மாத்திரம் செல்லுபடியாகின்றன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு மடக்கைச் சமன்பாட்டைச் சரிவரத் தீர்க்கவும் இயலாது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முற்படுவது.

16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகக் கடற்பயணம் பெரிதும் விரிவடைந்தது. நடுக்கடலில் கப்பலின் நிலையை அறிய வானியல் அட்டவணைகள் வேண்டப்பட்டன. அவற்றை ஆக்குவதற்குப் பல இலக்க எண்களைத் திரும்பத் திரும்பப் பெருக்கவும் வகுக்கவும் வேண்டியிருந்தது. இச்சுமையைக் குறைக்கும் வழியை இருவர் தனித்தனியே கண்டனர். ஒருவர் ஸ்கொத்லாந்து நிலவுடைமையாளரான யோன் நேப்பியர். ஏறத்தாழ 20 ஆண்டுக் கால உழைப்பின் பின் 1614 இல் தமது நூலை வெளியிட்டார். மற்றவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த மணிக்கூட்டுக் கைவினைஞர் யோஸ்ற் பூர்கி. அவரது அட்டவணை 1620 இல் பிராக் நகரில் வெளிவந்தது. வர்க்க நிலையால் வேறுபட்ட இருவர் ஒரே காலப்பகுதியில் ஒத்த முடிவை அடைந்தமையைத் தனிமனித மேதைமையால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. லண்டன் கிறெஷாம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிறிக்ஸ் 1615 இல் எடின்பரோ சென்று நேப்பியரைச் சந்தித்தார். 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கைகளை 14 தசமதானங்களுக்குக் கணித்து 1624 இல் வெளியிட்டார்.

அட்டவணை ஆக்கம் பின்னர் கூட்டுழைப்பாயிற்று. 1790களில் பிரான்சில் கஸ்பார் த புறோனி, அடம் ஸ்மித் விளக்கிய வேலைப்பிரிவினையை இதற்குப் பிரயோகித்தார். கணிதவியலாளர் சிலர் சூத்திரங்களைத் தெரிந்தனர். வேறு சிலர் அவற்றை எண்களாக மாற்றினர். எஞ்சிய பெருந்தொகையினர் கூட்டலையும் கழித்தலையும் மாத்திரம் செய்தனர். இவ்விறுதிப் பிரிவின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் எனக் கருதிய சாள்ஸ் பபேஜ், 1832 இல் வெளியிட்ட நூலில் புறோனியின் முறையை ஆராய்ந்தார். அந்நூலை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்தில் எடுத்தாளுகிறார். மடக்கை அட்டவணையின் வரலாறும் வேலைப்பிரிவினையின் வரலாறும் இவ்விடத்தில் சந்திக்கின்றன.

2

மடக்கை என்பது யாது? ஓர் அடியை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் தரப்பட்ட எண் கிடைக்குமோ அவ்வடுக்கின் சுட்டியே மடக்கை. அதனை 'மட' எனச் சுருக்கி எழுதுவோம். 2 ஐ ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்த 32 கிடைக்கும்; ஆகவே மட₂ 32 = 5. இவ்வரைவிலக்கணம் நேப்பியருடையதன்று. அவர் நகரும் இரு புள்ளிகளின் வேகங்களை ஒப்பிட்டே தமது கருத்தை அமைத்தார். சுட்டி என்னும் விளக்கத்தை முறைமைப்படுத்தி நிலைநாட்டியது ஒயிலர் 1748 இல் வெளியிட்ட நூலாகும். பாடநூலில் முதலில் வருவது வரலாற்றில் பிந்தியே வந்தது.

மட₈ 32 இன் பெறுமானம் உடனடியாகப் புலப்படாது. 8, 32 ஆகிய இரண்டும் 2 இன் அடுக்குகளே. முறையே மூன்றாம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும். தேடும் சுட்டியை 'ச' என்போமாயின் 3ச = 5; ஆகவே ச = 5/3. பொது அடியைக் காண்பதே இங்கு முதற்படி.

3

இனிச் சமன்பாடொன்றை நோக்குவோம்:

மட₂ க + மட₂ (க − 2) = 3

மடக்கைகளின் கூட்டல் பெருக்கத்தின் மடக்கை ஆகும். எனவே க(க − 2) = 8; அதாவது க² − 2க − 8 = 0. காரணிப்படுத்த (க − 4)(க + 2) = 0. க ஆனது 4 அல்லது −2.

மாணவர் பலர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். ஆனால் நேர் அடியொன்றின் எந்த மெய் அடுக்கும் நேர் எண்ணே. மறை எண்ணுக்கு மெய் மடக்கை இல்லை. க = −2 எனின் தொடக்கச் சமன்பாட்டின் இரு உறுப்புகளும் பொருளற்றுப் போகின்றன. ஆகவே அது நிராகரிக்கப்படும். க = 4 எனின் 2 + 1 = 3; அதுவே தீர்வு.

போலித் தீர்வு எவ்வாறு நுழைந்தது? −2, −4 ஆகிய இரு மறை எண்களின் பெருக்கம் 8 என்னும் நேர் எண் ஆகின்றது. உறுப்புகளை ஒன்றாக்கியபோது, அவை தனித்தனியே நேராதல் வேண்டும் என்னும் நிபந்தனை கண்ணுக்கு மறைந்துவிட்டது. சுருக்குதல் தவறன்று, சுருக்கும்போது விடுபட்ட நிபந்தனையை மறப்பதே தவறு.

4

அடுக்குச் சமன்பாட்டின் சமூகப் பொருளைக் கடனில் தெளிவாகக் காணலாம். 2018 இன் இறுதியில் இலங்கை மத்திய வங்கி, உரிமம் பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வழங்கும் நுண்நிதிக் கடன்களுக்கான பயனுறு வட்டிக்கு ஆண்டுக்கு 35% என உச்ச எல்லை விதித்தது. அவ்வெல்லையிலேயே, எதுவும் மீளச் செலுத்தப்படாது, வட்டி முதலுடன் சேருமாயின், கடன் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு செல்லும்? 1.35 ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 2 வரும் என்பதே வினா. இங்கு எளிய பொது அடி இல்லை. இருபுறமும் 10 அடி மடக்கை எடுக்க வேண்டும். மட 2 = 0.3010, மட 1.35 = 0.1303. முன்னதைப் பின்னதால் வகுக்க ஏறத்தாழ 2.31, அதாவது இரண்டு ஆண்டும் நான்கு மாதமும். அதேயளவு காலம் மீண்டும் செல்ல, கடன் நான்கு மடங்காகும். எளிய வட்டியாயின் நான்கு மடங்காக எட்டரை ஆண்டுக்கு மேல் வேண்டும்.

கடன்தொகை இச்சமன்பாட்டில் இடம்பெறவே இல்லை என்பதும் கவனத்திற்குரியது. பத்தாயிரம் ரூபாவுக்கும் பத்து இலட்சத்துக்கும் இரட்டிப்புக் காலம் ஒன்றே. ஆனால் அக்காலத்தைத் தாங்கும் வல்லமை கூலித் தொழிலாளிக்கும் கம்பனிக்கும் ஒன்றன்று. அவ்வேறுபாட்டைச் சமன்பாடு கூறாது. அதனைப் பயன்படுத்துவோரே கேட்டறிதல் வேண்டும்.

மடக்கையைக் கற்பிக்கும்போது விதியுடன் அதன் நிபந்தனையையும், அட்டவணையுடன் அதனை ஆக்கியோரின் உழைப்பையும், வட்டிக் கணக்குடன் கடனாளியின் நிலையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது எமது கருத்து. அதற்கெனப் புதிய பாடவிதானம் வேண்டியதில்லை. இருக்கும் பயிற்சிகளிலேயே அது தொடங்கலாம்.